மெர்வ் விட்டுப்போன வண்டி

வண்டி வந்து நின்று வெகுநேரமாகியும் டார்சி இறங்கவில்லை.

நெரிடா அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத்தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில்தான் பிக்கப் நின்றது. என்ஜின் அணையவில்லை. குளிர்காய்ச்சல் கண்ட மாடு போல நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று துடிப்பு ஒழுங்காக வரும், அடுத்தது விழுங்கிப்போகும், பிறகு ஒரு தும்மல். பின்தட்டிலிருந்து குதித்திறங்கிய நெல்லி நாய் அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டது. வண்டிக்காரன்தான் வரவில்லை.

கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். தெற்கேயிருந்து வீசிய காற்று காதை அறுத்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, டார்சி பக்கத்துக் காலி இருக்கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ன டார்ஸ், உள்ளயே குடித்தனம் வைக்கப் போறியா?"

மெதுவாகத் திரும்பினான். "அவன் இறங்கட்டும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"எவன்?"

"மெர்வ். பெரிய கேட்டுக்கிட்ட ஏறினான். வழி பூரா வாயே திறக்கல."

கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து சூடான, மக்கிய காற்று முகத்தில் அடித்தது. அவன் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. இந்தக் குளிரிலும் முகத்தில் இரத்தம் ஓடுகிறதே என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. கையை நீட்டிச் சாவியைத் திருகினாள். என்ஜின் இரண்டு தரம் உதைத்துவிட்டு அடங்கியது.

மெர்வ் செத்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. டார்சிக்கு முன்னால் நாய்வேலியின் இந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டவன் அவன். வடக்கேயிருந்து காட்டுநாய்கள் ஆட்டு மேய்ச்சலுக்குள் இறங்காதபடி ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் குறுக்கே ஓடுகிற கம்பிவேலி அது. வேலிக்காரன் அதன் ஓரமாகவே ஓட்டிப் போக வேண்டும், மணல் மூடிய இடத்தைத் தோண்ட வேண்டும், கங்காரு கிழித்த ஓட்டையைத் தைக்க வேண்டும், இருட்டினால் அங்கேயே படுக்க வேண்டும். வேலையோடு தகர வீடும் இந்தப் பிக்கப்பும் சேர்ந்தே வரும். மெர்வைக் கண்டெடுத்ததும் இந்தப் பிக்கப்பில்தான். ஸ்டியரிங்கில் தலை சாய்ந்திருந்தது. சாவி போட்டது போட்டபடி இருந்தது. டாங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. மாரடைப்பு என்று காகிதத்தில் எழுதினார்கள். வாய்விட்டுப் பேசியவர்கள் வேறு சொன்னார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், ஒண்டிக்கட்டை, தன் கதையைத் தானே முடித்துக்கொண்டான் என்றார்கள். அதற்குமேல் யாரும் கிளறவில்லை.

அன்று சாயங்காலம் டார்சி ஆட்டுக்கறியைத் தொடவில்லை.

"தலைய யாரோ பட்டறை வைஸ்ல வச்சு முறுக்கற மாதிரி இருக்கு, நெரி."

"நேத்து எங்க படுத்தே?"

யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் இருண்டது. "வேலியிலதான். வேற எங்க படுப்பேன்?"

"எந்த இடத்துல?"

"என்ன, போலீஸ் விசாரணையா?"

"குடிச்சியா?"

கையிலிருந்த தேநீர்க் குவளை சுவரில் போய் மோதியது. கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு பொருளை விட்டெறிந்து அவள் பார்த்ததில்லை. குவளை உருண்டு நின்றதும் அவனே அதை யாரோ எறிந்தது போலப் பார்த்தான். பிறகு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் போய் விழுந்தான்.

அவன் தூங்கியதும் அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியைச் சோதித்தாள். சீட்டுக்கு அடியில், கருவிப்பெட்டியில், கோணிகளுக்கு நடுவில் என்று தேடினாள். பாட்டில் எதுவும் அகப்படவில்லை. வீட்டுக் கொடியிலிருந்து காணாமல்போன துணிக்கிளிப்புகள்தான் கிடைத்தன. பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக் பட்டனை வெளியே இழுத்து, உள்ளே போய்விடாமல் ஒரு கிளிப்பைக் கவ்வ வைத்திருந்தான். என்ஜின் நின்றுபோகாமலிருக்க அவன் கண்ட வழி அது. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது என்று அவன் புலம்புவதற்கு அர்த்தம் இப்போது விளங்கியது.

உள்ளே வந்தவள் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குடிக்காதவன் குடிகாரன் போலப் பேசினால், செத்தவனோடு சவாரி போனால், அதற்கு என்ன பெயர்? மெர்வும் இப்படித்தான் தொடங்கியிருப்பானோ? சுட முடியாதபடி துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றி மாவு டப்பாவின் அடியில் புதைத்தாள். கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் வேலியின் தென்பக்கத்து ஆட்டுப்பண்ணையிலிருந்து க்ளெம் வந்தான். மனைவி சந்தைக்குப் போயிருந்தால் பேச்சுத் துணை தேடி முப்பது மைல் ஓட்டுகிற கிழவன். நெரிடா பானெட்டைத் திறந்துவைத்து உள்ளே பாதி உடம்பை நுழைத்திருந்தாள். மர்ரீ என்ற சிற்றூரில் அப்பாவின் வண்டிப் பட்டறையில் வளர்ந்தவள். டார்சிக்குக் கம்பி பின்னத் தெரியும், நாய்த்தடம் பார்க்கத் தெரியும். என்ஜின் அவள் பாடு.

"என்ன அம்மணி, புருஷன எழுப்பாம வண்டிய எழுப்பிக்கிட்டிருக்கே?"

"வண்டிக்கு எங்க வலிக்குதுன்னு அதுவாவது சொல்லுதுய்யா."

"என்ன சொல்லுது?"

"ஓட்டத்துல சொல்லாது. நின்னாத்தான் சொல்லும். நின்ன இடத்துல ஓடறப்ப, ஐடிலிங்ல, நிதானமா இருக்கவே மாட்டேங்குது. இந்தா கேளு."

ஸ்டார்ட் செய்தாள். என்ஜின் பிடித்துக்கொண்டு, ஆடி, தடுமாறி, முகப்புத் தகரம் கிடுகிடுக்க ஓடியது. கைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு முன்னாலிருந்து ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். ஒன்றைப் பிடுங்கியதும் என்ஜின் இன்னும் தள்ளாடியது. அப்படியென்றால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. அடுத்ததும் அப்படியே. கடைசியாக, என்ஜினையும் ஓட்டுநர் அறையையும் பிரிக்கிற தகரச் சுவரை ஒட்டியிருந்த இரண்டையும் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லை. பிடுங்கினாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான்.

"பின்னாடி ரெண்டும் தண்டச்சோறு," என்றாள்.

"கார்பரேட்டரக் கழுவு. எல்லாம் மண்ணு."

"கார்பரேட்டர்னா ஆறும்ல தடுமாறணும்? ரெண்டு மட்டும் ஏன்?"

க்ளெம் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "டார்சி எப்படி இருக்கான்?"

"ஏன் கேக்கறே?"

"போன வாரம் வேலியில பாத்தேன். கை காட்டினேன். யாரோ போல பாத்துட்டுப் போயிட்டான். மெர்வும் கடைசிக் காலத்துல அப்படித்தான் இருந்தான். என் வாசல்ல வந்து நின்னு, என் பேரு மறந்துபோச்சுன்னு முழிச்சான். பண்ணையில பசங்க பேசிக்கறாங்க, அந்த சீட்டு ஆளப் பிடிச்சுக்குமாம்."

"சீட்டுல உக்காந்தா மூலம்தான் பிடிக்கும். போய் உன் ஆட்ட மேய்யா."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

புது வயரும் புது பிளக்கும் மாட்டிப் பார்த்தாள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். க்ளெம் வாய்க்காகவே கார்பரேட்டரையும் கழற்றிக் கழுவினாள். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது, பிறகு பழையபடி வந்தது. விரல் மரத்துப்போனதும் வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அப்படித்தான் செய்வார். கண்ணை மூடு, எந்த இடத்தில் விழுங்குகிறதென்று காது சொல்லும் என்பார்.

கேட்கக் கேட்கச் சத்தம் தூரமாகப் போனது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. எதை யோசிக்க ஏறினோம் என்பதே மறந்தது. பக்கத்து இருக்கையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். திரும்பிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். ஆனால் பார்க்கத் தோன்றவில்லை. அது ஒன்றும் அவ்வளவு முக்கியமில்லை என்று பட்டது. இதமாக இருந்தது.

நெல்லி குரைத்தது. முன்சக்கரத்துக்கு எதிரே நின்று, காட்டுநாயைக் கண்டது போல மயிர் சிலிர்க்கக் குரைத்தது. எரிச்சலோடு கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கியவள் கால் மடங்கி மண்ணில் முழங்காலிட்டாள். வாந்தி வந்தது. காலையில் வெறும் வயிறு, அதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் சீட்டு ஆளைப் பிடிக்கும் என்று அந்தக் கிழவன் சொன்னது காதிலேயே நின்றது.

மத்தியானத்துக்குள் டார்சி எழுந்துவிட்டான். விறகு பிளந்தான், கோழிக்கூட்டைச் செப்பனிட்டான். அடுத்த நாளுக்குள் பழைய டார்சியே திரும்பி வந்திருந்தான். அவள் பின்கழுத்தில் குளிர்ந்த விரலை வைத்துவிட்டு ஓடுகிற அதே ஆள்.

"முந்தாநாள் நான் ஏதாவது உளறினேனா, நெரி?"

"எப்பதான் உளறல?"

"குவள நெளிஞ்சு கெடக்கு."

"அது கெடக்கட்டும், விடு."

அவளுக்குள் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தால் நல்லபடி இருக்கிறான். வேலிக்குப் போனால் வேறு ஆளாகத் திரும்புகிறான். கோடையில் இப்படி இல்லை. குளிர் தொடங்கியபின்தான் எல்லாம். அந்தத் தனிமைதான் இவனைத் தின்கிறது என்று முடிவுக்கு வந்தாள். வேலையை விட்டுவிடலாம், மர்ரீக்கே போய்விடலாம் என்று இன்று இரவு பேச வேண்டும் என்று நினைத்தாள்.

பேச வாய்க்கவில்லை. சாயங்காலமே ரேடியோவில் வேலி மேற்பார்வையாளன் கூப்பிட்டான். மணல்மேடுகளுக்கு அப்பால் எங்கோ ஓட்டை. நாய்கள் உள்ளே இறங்கி ஒரே மூச்சில் ஒரு மந்தையைக் கடித்துப் போட்டிருந்தன.

விடிந்ததும் டார்சி மூட்டை கட்டினான்.

"இன்னும் ஒரு நாள் குடு, டார்ஸ். நான் மேனிஃபோல்ட் பக்கம் கையே வைக்கல. அங்கதான் எங்கயோ ஏர் எடுக்குது."

"நீ ஏர் கண்டுபிடிக்கிற வரைக்கும் நாய் விரதம் இருக்குமா?"

"நானும் வர்றேன்."

"ரேடியோவ யாரு கேப்பா? கோழியா?" சிரித்துக்கொண்டே சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான். போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். அவள் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"எங்க வச்சிருக்கே?"

அவள் மாவு டப்பாவுக்குள் முழங்கை வரை கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கி ஊதினான். மாவு பறந்தது.

"நான் மெர்வ் இல்ல, நெரி."

"தெரியும்."

"தெரியல உனக்கு."

அவ்வளவுதான் பேசினான். வெளியே போய் சோக்கை இழுத்துக் கிளிப்பைப் போட்டான். "முன்னாடி ஏறுடி, பின்னாடி உறைஞ்சு போவே," என்று நெல்லியைக் கூப்பிட்டான். அது காதைத் தாழ்த்திக்கொண்டு பின்தட்டில்தான் ஏறியது. கண்ணாடி ஏறியது. வண்டி உதறிக்கொண்டே கேட்டைத் தாண்டியது. அவன் கை காட்டவில்லை.

நெரிடா கொட்டகைக்குள் போனாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது. புது பிளக் போட்டபோது கழற்றிய பழைய பிளக்குகள் பெஞ்சில் வரிசையாகக் கிடந்தன. அவற்றைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். முன்பக்கத்து நாலும் அடுப்புக்கரி பூசினது போல இருந்தன. சோக் இழுத்தே ஓட்டினால் பெட்ரோல் அதிகமாகிக் கரிதான் பிடிக்கும், அதில் அதிசயமில்லை. பின்பக்கத்து இரண்டு மட்டும் வெந்த எலும்பு போல வெளுத்துக் கிடந்தன. ஒரே என்ஜினில், ஒரே சோக்கில், நாலு கறுப்பு, இரண்டு வெள்ளை.

வெள்ளையென்றால் அந்த இரண்டுக்கும் அளவுக்கு மீறிக் காற்று போகிறது. பின்பக்கத்தில் மேனிஃபோல்ட் குழாயும் என்ஜினும் சேருமிடத்தை அடைக்கிற கேஸ்கெட் தகடு போய்விட்டது. அங்கே காற்றை உறிஞ்சுகிறது, அதனால்தான் ஐடிலிங் நிற்கவில்லை. அவ்வளவுதான், நான் சொன்னேனே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. கேஸ்கெட்டை ஒருதரம் வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

அந்தச் சந்தோஷம் பாதியிலேயே நின்றது.

இந்த என்ஜினுக்குக் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டுக்கும் கேஸ்கெட் ஒன்றே. மேலே ஓட்டை என்றால் கீழே? கார்பரேட்டரைக் கழற்றியபோது பின்னாலிருந்த தகரச் சுவரில் கரி அப்பியிருந்ததை அவள் துணியால் துடைத்திருந்தாள். எண்ணெய் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தாள். அந்தக் கரிக்கு நேர்மேலே ஹீட்டருக்குக் காற்று போகிற வாய் இருந்தது. அதைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் உளுத்து உதிர்ந்திருந்தது.

கிழிந்த இடத்தில் வருகிற புகையை ஹீட்டர் உறிஞ்சி உள்ளே ஊதுகிறது. சோக் இழுத்த என்ஜினின் புகை. மணமில்லாத நஞ்சு. கோடையில் கண்ணாடி இறங்கியிருக்கும், ஹீட்டருக்கு வேலையில்லை. குளிரில் எல்லாம் மூடியிருக்கும். நாய் முன்னால் ஏற மறுக்கிறது. தலைவலி, மறதி, சிவந்த கன்னம். இருக்கையில் பெருமூச்சு.

மெர்வ்.

பிளக் கையிலிருந்து விழுந்தது. ரேடியோவுக்கு ஓடினாள்.

"டார்சி! டார்ஸ், கேக்குதா? கண்ணாடிய இறக்கு. வண்டிய நிறுத்திட்டு இறங்கு. டார்சி!"

இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். ஒருமுறை யாரோ பொத்தானை அழுத்தியது போலக் 'கிளிக்' என்றது. அந்த ஒரு கணம் தொலைவில் அந்த என்ஜின் நடுங்குகிற சத்தம் கேட்டது. பேச்சு இல்லை. பிறகு அதுவும் இல்லை.

க்ளெமைப் பிடித்தாள். "யோவ், கேள்வி கேக்காதே. டார்சிக்கு வண்டியில புகை ஏறிடுச்சு. பறக்கும் டாக்டரக் கூப்பிடு, உன் பண்ணை ஓடுபாதையில இறங்கச் சொல்லு. நீ லாரிய எடுத்துக்கிட்டு வேலியோரமா மேற்க வா."

"நீ எதுல போறே?"

"கொட்டகையில இருக்கற பைக்ல."

வேலியோரப் பாதை அலை அலையாக மணல். பைக் இரண்டு முறை அவளைக் கீழே தள்ளியது. எழுந்து உதைத்து மறுபடி ஏறினாள். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வேலி, மணல், அதன்மேல் சக்கரத் தடம். தடம் முதலில் நேராகப் போனது. பிறகு மெல்ல வேலியை நோக்கிச் சாய்ந்தது, விலகியது, மறுபடி சாய்ந்தது. ஒரு கம்பத்தை உரசி வண்டிச்சாயம் ஒட்டியிருந்தது. அதற்குப்பின் அவள் எதையும் யோசிக்கவில்லை.

பிக்கப்பைப் பார்ப்பதற்கு முன் நெல்லியின் குரல் கேட்டது. குரைப்பு இல்லை, ஊளை.

வண்டி ஒரு கேட்டுக்கு முன்னால் ஒழுங்காக நின்றிருந்தது. கேட்டைத் திறக்க நிறுத்தியிருக்கிறான். நிறுத்தினான், இறங்கவில்லை. நாய் பின்தட்டிலிருந்து இறங்கி ஓட்டுநர் கதவைப் பிராண்டிப் பிராண்டிப் பாதத்தில் இரத்தம். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே, கண்ணாடியில் கன்னத்தைப் பதித்து டார்சி உட்கார்ந்திருந்தான். தூங்குகிற குழந்தையின் நிறம்.

கதவைத் திறந்ததும் அவள்மேல் சரிந்தான். அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவ்வளவு கனத்தை அவள் இதுவரை தூக்கியதில்லை. காற்று வீசுகிற பக்கமாக மணலில் போட்டு மார்பில் காதை வைத்தாள். குறட்டை போல ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வர மறந்தது. அவள் வாயை வைத்து ஊதினாள். ஊதினாள், எண்ணாமல் ஊதினாள். பக்கத்தில் அந்த என்ஜின் தடுமாறித் தடுமாறி ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து போய் அணைக்க ஒரு கை மிச்சமில்லை. அது விழுங்கும் துடிப்பிலெல்லாம் இவன் மூச்சும் நிற்பது போல அவளுக்குத் தோன்றியது.

"டார்ஸ், நீ மெர்வ் இல்ல. கேக்குதா? நீ மெர்வ் இல்லடா."

க்ளெமின் லாரி வந்தபோது அவன் தானாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். கண் திறக்கவில்லை. க்ளெம் இறங்கியதும் முதலில் செய்த காரியம், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ச் சாவியைப் பிடுங்கி எறிந்ததுதான். பாலைவனம் திடீரென்று அமைதியானது.

விமானம் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் உயிர் நின்றிருக்கும் என்று சொன்ன டாக்டரம்மா, மூளையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பேச்சை மெதுவாக்கினாள். "சிலது திரும்பி வரும், சிலது வராது. எது எதுன்னு இப்ப என்னால சொல்ல முடியாதும்மா."

இடையில் ஒரு நாள் நெரிடா திரும்பி வந்து, க்ளெமை உதவிக்கு வைத்துக்கொண்டு மேனிஃபோல்டை இறக்கினாள். கேஸ்கெட்டின் பின்முனை எரிந்து, மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் ஒன்றாகியிருந்தன. அங்கிருந்து தகரச் சுவரில் நாக்கு நீட்டியது போலக் கரி. எரிந்த ஓரம் புதிதாக இல்லை. ஆண்டுக்கணக்கில் தீய்ந்து மொறமொறவென்று உதிர்ந்தது.

க்ளெம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அவனா முடிச்சுக்கல, அப்ப."

"இல்ல."

"பாவி மனுஷன். நாங்க என்னென்னவோ பேசினோமே."

மெர்வுக்கு ஒரு மகள் இருந்தாள், ராஸ்லின். அடிலெய்டில் ஏதோ பள்ளியில் சமையல் வேலை. எண்ணைத் தேடிப் பிடித்து நெரிடா ஃபோன் செய்தாள். தான் யார், எந்த வீட்டிலிருந்து பேசுகிறாள் என்று சொல்லி, கேஸ்கெட்டையும் ஹீட்டரையும் நிதானமாக விளக்கினாள். மறுமுனையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அப்போ எங்கப்பா..."

"அவரு தூங்கிப் போயிட்டாரு. அவ்வளவுதான். அவருக்கே தெரிஞ்சிருக்காது."

"ஊர்ல பேசினத நானும் நம்பிட்டேன்," என்றாள் ராஸ்லின். "கல்லறைக்குக்கூட ஒழுங்கா போனதில்ல." நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. நெரிடா ஃபோனை வைக்கவில்லை.

மேற்பார்வையாளன் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "ஒரு கேஸ்கெட்டுதானே. மாத்திட்டா வண்டி நல்லாத்தான் இருக்கும். அடுத்த ஆளுக்குக் குடுத்துடலாம்."

"மாத்தி வச்சிருக்கேன். ரப்பரும் புதுசு," என்றாள். "ஸ்டார்ட் பண்ணிப் பாரு."

போட்டான். எந்த நடுக்கமும் இல்லாமல், தண்ணீர் ஓடுவது போல ஓடியது. அவன் முகம் மலர்ந்தது. அவளுக்கு அந்த அமைதி அந்த நடுக்கத்தைவிடப் பயமாக இருந்தது. இத்தனை காலம் அது நடுங்கித்தானே சொன்னது. இனிமேல் ஏதாவது வந்தால் எப்படிச் சொல்லும்?

"யாருக்குக் குடுத்தாலும், இதுல ரெண்டு பேருக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லிக் குடு. சொல்லாம குடுத்தே, நானே தேடிப் போய்ச் சொல்லுவேன்."

"சரி சரி," என்றான். சொல்வானா மாட்டானா என்று அந்த முகத்தில் தெரியவில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் டார்சியை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். க்ளெம் தன் லாரியில் வீட்டுச் சாமானை ஏற்றி, இரண்டு பேரையும் முன்னால் உட்கார வைத்து மர்ரீக்கு ஓட்டினான். நெல்லி நெரிடாவின் கால்மாட்டில் சுருண்டிருந்தது. டார்சி மெலிந்திருந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தான். அவள் சரிசெய்யக் கை நீட்டியபோது சிரித்தான். சிரிப்பு அவனுடையதுதான்.

"எங்க போறோம், நெரி?"

"அப்பா பட்டறைக்கு. மர்ரீக்கு. அங்கதான் இனிமே."

தலையாட்டினான். வெளியே வறண்ட உப்பேரிகள் வெள்ளையாக ஓடின. க்ளெம் ஏதோ பழைய கதையைத் தொடங்கி, எதிரே வந்த லாரிக்காரனைத் திட்டி, மறுபடி கதைக்கு வந்தான். டார்சி நல்ல இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தான். கொஞ்ச தூரம் போனதும் அவள் பக்கம் குனிந்து, க்ளெமுக்குக் கேட்காதபடி கேட்டான்.

"நாம எங்க போறோம்?"

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு முதல்முறை சொல்வது போலச் சொன்னாள்.